வலது காலின் படம்

எதிர் வீட்டு வாசலுக்கும் என் வீட்டு வாசலுக்கும் நடுவே நாலு சோடி செருப்பு கிடந்தால் நடக்க இடமிருக்காது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பகலெல்லாம் இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். என் தையல் மெஷினை வெளிச்சத்துக்காக வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஒட்டுக்கேட்கிற புத்தியெல்லாம் எனக்குக் கிடையாது. காது இருக்கிறது, கேட்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

அந்த வீட்டில் மூன்று பேர். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர், அவர் சம்சாரம், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவர்களுடைய ஒரே பெண். பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆனாலும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவரை அண்ணே என்பேன், அவர் சம்சாரத்தை அண்ணி என்பேன். அவர் என்னை டெய்லரம்மா என்பார், அதுவும் ஏதோ பெரிய கம்பெனி முதலாளியைக் கூப்பிடுகிற தோரணையில்.

அண்ணனுக்குச் சர்க்கரை. செருப்புக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது. மனுஷன் அதோடேயே கடைக்குப் போய், சலூனுக்குப் போய், மூன்று மாடி ஏறி வந்து, டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தரையில் சிவப்பாகக் கால்தடம் கிடப்பதைப் பார்த்து அண்ணிதான் அலறினாள். "யாருது?" என்று இவர் கேட்டாராம். சர்க்கரை முற்றினால் காலுக்கு வலியே தெரியாமல் போய்விடும் என்று அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்.

அது வலது கால். பெருவிரலுக்குக் கீழே சதை உருண்டையாகக் காய்த்துப் போயிருக்கும். பிரேக்கை மிதித்து மிதித்து வந்தது. "இது கவர்மெண்ட்டு எனக்குக் குத்தின முத்திரை டெய்லரம்மா, பென்ஷன் நின்னாலும் இது நிக்காது" என்று காலைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் காய்ப்புக்குப் பக்கத்தில்தான் புண்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுவரெல்லாம் ஊறி, நான் தைத்து வைத்த துணியில் பூஞ்சை வாடை அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் பஸ் எங்கேயோ சுற்றிக்கொண்டு போகும், போனாலும் திரும்பி வருமா என்பது நிச்சயமில்லை. அதனால் புண்ணுக்குக் கட்டுப் போட நர்ஸ் வீட்டுக்கே வந்தாள். தினமும் பழைய கட்டைப் பிரித்து, உப்புத் தண்ணீரில் கழுவி, பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலை வைத்து, ஆஸ்பத்திரி கொடுத்த செல்போனில் படம் எடுப்பாள். அந்தப் படம் அங்கே டாக்டரம்மாவின் டேப்லெட்டுக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு, இதே மருந்து போதும் என்றோ, மாற்று என்றோ, உடனே தூக்கிக்கொண்டு வா என்றோ சொல்லுவார். ஊர் பூரா இப்படிக் கால் புண்ணோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அதுதான் வழி.

படத்தைக் கொண்டுபோகிற அந்த ஆப்பைச் செய்ததே பாப்பாவின் கம்பெனிதான். கம்பெனி என்றால் முதலாளி, கணக்குப் பார்க்க ஒரு ஆள், பாப்பா. அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "அவ பண்ணின ஆப்புலதான் அவ அப்பா கால் போகுது" என்று மாடிப்படியில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியில் பழைய செல்போன்களைப் பிடுங்கிக்கொண்டு நர்சுகளுக்குப் புதுசு கொடுத்தார்கள். கேமரா ரொம்ப உசத்தியாம். அன்றைக்கு நர்ஸ் அண்ணன் காலைப் படம் எடுத்தாள். எடுத்த படத்தைத் தொட்டதும் ஆப் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள், தொட்டாள், மூடிக்கொண்டது.

"என்னக்கா இது, மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திக்குது?" என்று நர்ஸ் பாப்பாவிடம் கேட்டாள்.

"உங்க போன்ல மட்டுமா?"

"எல்லாருக்கும் அப்படித்தானாம். டாக்டரம்மா டேப்லெட்டுலயும் சாத்திக்குதாம். காலையிலேருந்து அவங்க ஒரு காலைக்கூடப் பாக்கல."

அதே நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். பாப்பா ஸ்பீக்கரில் போட்டாள். அவர் சத்தத்துக்கு ஸ்பீக்கரே தேவையில்லை.

"ஆஸ்பத்திரில என்னைக் கிழிக்கிறாங்கம்மா! மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலன்னா ஆப்பையே தூக்கிடுவோம்ங்கறாங்க. என்னம்மா ஆச்சு?"

"படம் ரொம்பப் பெருசு சார். திறக்கும்போது மெமரி பத்தல. போனே ஆப்பைக் கொன்னுடுது."

"அப்ப படத்தச் சின்னதாக்கு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"சரியாப் பண்ணணும்னா ஒரு வாரமாவது வேணும் சார்."

"ஒரு வாரமா? அதுக்குள்ள நாம எல்லாரும் நடுத்தெருவுல நிப்போம். சின்னதாக்கும்மா!"

போனை வைத்துவிட்டுப் பாப்பா என் வாசலில் வந்து நின்றாள். மண்டை காய்ந்தால் அவள் அப்படித்தான் வருவாள். நான் ஒரு பெரிய திரைச்சீலைத் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு படத்தைத் திறக்க முடியாதா உன் ஆப்புக்கு? என் பேத்தல் போன்லயே நூறு படம் இருக்கு" என்றேன்.

"அந்தத் துணிய எப்படிக்கா வெச்சிருந்தீங்க?"

"மடிச்சு அலமாரில வெச்சிருந்தேன்."

"மடிச்சா அலமாரில ஒரு ஓரம். இப்ப விரிச்சா வீடே கொள்ளலல்ல? படமும் அப்படித்தான். ஃபைலா இருக்கும்போது மடிச்சு கிடக்கும், சின்னதுதான். திரையில காட்டணும்னா மொத்தமா விரிக்கணும். ஆப்புக்கு உங்க மேஜை அளவுதான் இடம். விரிச்சா தொங்கிடுது, போன் பாத்துட்டு கதவச் சாத்திடுது."

"அப்ப நான் பண்ற மாதிரி பண்ணு. தைக்கிற இடத்த மட்டும் மேஜைல வெச்சுக்கறேன், மிச்சம் மடிச்சபடி கூடைல கிடக்குது."

"அதேதான் பண்ணணும். அதுக்குத்தான் நாள் வேணும்" என்றாள். "இப்போதைக்கு மேஜை அளவுக்கு வெட்டிட வேண்டியதுதான்."

நான் சிரித்தேன். நல்ல சீலையை வெட்டுவார்களா என்று கேட்டேன். அவளும் சிரித்துவிட்டுத்தான் போனாள்.

அதற்கப்புறம் அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிக் கிடந்தன. படம் எடுத்த உடனே அதைச் சுருக்கி, சுருக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு, பெரியதை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நர்சுகளின் போன் நிரம்பிவிடும். அதுதான் வேலை. செய்ததைச் சோதித்துப் பார்க்க ஒரு பெரிய படம் வேண்டும். கையில் கிடந்தது அன்று காலை எடுத்த அப்பாவின் கால் படம். அதை நர்சிடமிருந்து தன் கம்ப்யூட்டருக்கு வாங்கி வைத்திருந்தாள். அதையே திறந்தாள், மூடினாள், சுருக்கினாள், திறந்தாள். எத்தனை தரம் என்று அவளுக்கே தெரியாது. "பெரிய படம் போச்சு... பெரிய படம் வந்துடுச்சு..." என்று தனக்குள்ளே பேசிக்கொண்டிருந்தாள். திறக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அந்தப் படத்தில் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை.

மத்தியானம் அண்ணி குளியலறை வாளியைத் துலக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, பாரு! டக்குனு திறக்குது!"

போனை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன பாப்பா, பக்கக் கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி தெரியற மாதிரி இருக்கு. என் கால் ரொம்ப தூரத்துல வருதே."

"தூரத்துல வந்தாலும் வருதுல்ல? காலையில வரவே இல்ல."

"அது சரி. ஸ்டாப்புல நின்னா போதும்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் இருந்தேன், நானும்தான் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து எல்லாம் சுமுகமாக ஓடியது. டாக்டரம்மாவிடமிருந்து தகவல் வந்தது: படம் உடனே திறக்கிறது, புண் ஆறி வருகிறது, அதே மருந்து. முதலாளி பாப்பாவைப் பாராட்டினார். "நீ ஒருத்தி போதும்மா எனக்கு" என்று அவர் சொன்னது என் மெஷின் வரைக்கும் கேட்டது. சரியான வேலைக்கு நாள் கேட்டாளே, அதை அவரும் மறந்தார், அவளும் வேறு வேலையில் முழுகிப்போனாள்.

ஒரு நாள் நர்ஸ் மட்டும் காலைக் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"என்ன சிஸ்டர்?" என்று அண்ணி கேட்டாள்.

"இல்லம்மா, விரல் இடுக்குல கொஞ்சம் கறுத்தாப்புல இருக்கு. மருந்து பட்ட கறையாத்தான் இருக்கும். டாக்டரம்மாதான் தினம் பாக்கறாங்களே, ஒண்ணுன்னா சொல்லிடுவாங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. டாக்டரம்மா பார்க்கிறார் என்றுதான் நர்ஸ் நம்பினாள். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லையே என்றுதான் டாக்டரம்மா நம்பினார். அண்ணி இரண்டு பேரையும் நம்பினாள்.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் டீயை வேண்டாம் என்று தள்ளினார். அவர் டீயை வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. போர்வைக்குள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அண்ணி என்னை ஓடி வந்து கூப்பிட்டாள். போய்த் தொட்டுப் பார்த்தேன், நெற்றி கொதித்தது. அறையில் ஒரு வாடை. கட்டுக்குள்ளிருந்து வந்தது. வாயைத் திறந்து சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பாப்பா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"நேத்து படம் பாத்தேனேம்மா. புண் சுத்தமா இருக்கு. மழைக்கு ஊர்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல். மாத்திரை குடுங்க. ஆம்புலன்ஸ் வண்டி ரெண்டுதான் இருக்கு, அவசரமான கேசுக்கே பத்தல."

"சரி டாக்டர்."

போனை வைத்தவள் அங்கேயே நின்றாள். ஏன் தோன்றியதோ, கம்ப்யூட்டரில் போய் அந்தப் பெரிய படத்தைத் திறந்தாள். சுருக்காத படம், அவள் சோதித்துச் சோதித்துப் பார்த்த அதே படம். இந்தத் தடவை பெரிதாக்கினாள். திரை முழுக்க அவள் அப்பாவின் கால் வந்தது. காய்ப்பில் இருந்த ரேகைகளை எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. மெல்ல நகர்த்தினாள். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், புண்ணின் ஓரத்திலிருந்து, நூல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு உள்ளே இறங்கிப் போயிருந்தது.

பக்கத்தில் டாக்டரம்மாவுக்குப் போன சின்னப் படத்தைத் திறந்தாள். அதே இடத்தைப் பெரிதாக்கினாள். கோடு இல்லை. மங்கலாக ஏதோ நிழல். யார் பார்த்தாலும் விரல் நிழல் என்றுதான் சொல்லுவார்கள்.

"அக்கா" என்றாள். "அன்னிக்கே இருக்குக்கா."

பேயறைந்த மாதிரி இருந்தது அவள் முகம். நான் தோளைப் பிடித்தேன். உதறிவிட்டு, அண்ணி காதில் விழாமல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடி போன் போட்டாள்.

"டாக்டர், நீங்க தினம் பாக்கறது அப்பா கால் இல்ல."

"என்னம்மா உளர்றீங்க?"

"நான் சுருக்கின படம். ஆப் மூடிக்கக் கூடாதுன்னு எல்லாப் படத்தையும் சுருக்கித்தான் உங்களுக்கு அனுப்புது. நான்தான் அப்படிப் பண்ணினேன். பெருசு பண்ணினா எதுவும் தெரியாது, மொழுக்குனு ஆயிடும். முழுப் படம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. விரல் இடுக்குல கறுப்பா உள்ள போகுது டாக்டர். புதுப் போன் வந்த அன்னிக்கே இருந்திருக்கு."

ஜன்னல் தகரத்தில் மழை மட்டும் கொட்டியது.

"உங்கப்பாவோடது மட்டுமா?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரோடதும்."

"பெரிய படமெல்லாம் எங்க?"

"அழிஞ்சுடும். எடுத்த உடனே அழிஞ்சுடும். அதையும் நான்தான் பண்ணினேன்."

"ஐயோ" என்றார் டாக்டரம்மா. திட்டியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். "இப்ப வண்டி அனுப்பறேன். அவருக்குச் சாப்பாடு, தண்ணி எதுவும் குடுக்காதீங்க. மத்தவங்களை நான் எப்படிப் பாக்கறது, நீங்களே சொல்லுங்க. சிஸ்டருங்க இன்னிக்குத் திரும்பப் படம் எடுத்தாலும் இதே பொய்தானே வரும்?"

"சரி பண்ணிடறேன் டாக்டர். இன்னிக்கே."

"முடியுமா?"

"முடியணும்."

சுற்றிக்கொண்டு வந்தாலும் வண்டி நினைத்ததைவிடச் சீக்கிரமே வந்துவிட்டது. அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு ஆட்கள் தூக்கினார்கள். காய்ச்சலிலும் வாய் சும்மா இல்லை. "பாத்து, வளைவுல ஒடிச்சு திருப்பு. பின்னாடி இடிக்கும்" என்று மாடிப்படியில் அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே இறங்கினார். அண்ணி பையும் குடையுமாகப் பின்னாலேயே ஓடினாள். கீழே வண்டிக் கதவைச் சாத்தும்போது அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"பாப்பா வரலியா?"

"அவளுக்கு ஏதோ அவசர வேலையாம்" என்று அண்ணி கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள்.

"வேலைன்னா வேலைதான். நான் என்னிக்காவது பஸ்ஸ பாதி வழில விட்டுட்டு வந்திருக்கேனா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறிப் போய் அவள் அறை வாசலில் நின்றேன்.

"ஏண்டி, நீயெல்லாம் ஒரு பொண்ணா? பெத்த அப்பனைத் தூக்கிட்டுப் போறாங்க, நீ இங்க கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டு அழறியா? உன் ஆப்பு ஒரு மணி நேரம் பொறுக்காதா?"

அவள் திரும்பவில்லை. கை விசைப்பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் போய் நின்னா அவர் கால் ஆறிடுமாக்கா?" என்றாள். "பேக்கரிக்குப் பின்னாடி இருக்கற பெரியவர் கால் இதுல இருக்கு. பள்ளிக்கூட வாட்ச்மேன் சம்சாரம் கால் இருக்கு. யாருன்னே தெரியாதவங்க கால் எல்லாம் இருக்கு. எல்லாத்தையும் நான் வெட்டிட்டேன். எதுல கோடு இருக்கோ!"

உள்ளே போய் அவர்கள் அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டேன். ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். மென்றுகொண்டே வேலை செய்தாள். முதலாளி கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு ஏன் சொன்னாய், மெதுவாகச் சரி பண்ணியிருக்கலாமே என்று ஆரம்பித்தார். "வெச்சுடுங்க சார்" என்று சொல்லி அவளே வைத்துவிட்டாள்.

என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பேசினால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதுதான். துணி முழுசா அலமாரில அப்படியே இருக்கணும், யாரும் கத்தரி வெக்கக் கூடாது. முதல்ல திரையில ஒரு சின்ன மாதிரி மட்டும் காட்டணும். டாக்டர் எங்க விரல் வெச்சுப் பெருசு பண்றாங்களோ, அந்தத் துண்டை மட்டும் அசல்லேருந்து விரிக்கணும். அங்கேருந்து நகந்தா பழைய துண்ட உடனே மடிச்சுடணும், இல்லன்னா மேஜை நெறஞ்சு திரும்பவும் கதவு சாத்திக்கும்."

இதையும் சோதித்துப் பார்க்கப் பெரிய படம் வேண்டும். அவளிடம் இருந்த பெரிய படம் அது ஒன்றுதான். மறுபடியும் அப்பாவின் கால். திறப்பாள், பெரிதாக்குவாள், ஆப் மூடிக்கொள்ளும். எதையோ மாற்றுவாள், திறப்பாள். இந்த முறை ஒவ்வொரு தரமும் அவள் விரல் அந்தக் கறுப்புக் கோட்டில்தான் போய் நின்றது. அங்கேதான் ரொம்ப நுணுக்கம், அது தெளிவாக வந்தால் எல்லாம் வரும் என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியபடி இருந்தது, துடைக்கக்கூட இல்லை. பெற்ற அப்பன் காலின் அழுகலை அளவுகோலாக வைத்துக்கொண்டு வேலை செய்கிற கொடுமையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணி போன் போட்டபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது.

"பாப்பா, முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னு சொல்றாங்கடி. விஷம் மேல ஏறிடுச்சாம். முன்னாடியே தெரிஞ்சிருந்தா விரலோட போயிருக்குமாம். உங்கப்பா சரின்னுட்டாரு. என்கிட்டயும் கையெழுத்து கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"சரின்னு சொல்லும்மா."

"டாக்டரம்மா பாவம், முகமே சரியில்ல. அவங்களும் தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க. கடவுள் விட்ட வழி, யாரைக் குத்தம் சொல்றது?"

பாப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. நான் கதவைத் தட்டவில்லை. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ஒரு வாரம் கேட்ட வேலையைச் சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட்டாள். பெரிய படம் திறந்தது. பெரிதாக்கினாள், கோடு கத்தி மாதிரி வந்தது. இந்தப் பக்கம் நகர்த்தினாள், காய்ப்பு வந்தது, அந்தப் பக்கம் நகர்த்தினாள், குதிகால் வெடிப்பு வந்தது. மூடிக்கொள்ளவில்லை. தன்னுடைய பழைய போனில் போட்டுப் பார்த்தாள், என் பேத்தல் போனில்கூடப் போட்டுப் பார்த்தாள். அதிலும் திறந்தது. அவள் கைதட்டவில்லை. புது ஆப்பை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, நர்சுகளுக்கெல்லாம் தகவல் சொன்னாள்: இன்றைக்கு எடுத்த படம் செல்லாது, திரும்ப வீடு வீடாகப் போய் எடுங்கள். நனைந்துகொண்டே போனார்களாம் பாவம். எங்கள் நர்ஸ் மறுநாள் வந்து சொன்னாள், வாட்ச்மேன் சம்சாரத்துக்கும் குதிகாலில் கறுப்பு தெரிந்ததாம், உடனே கூப்பிட்டுக்கொண்டார்களாம், சுரண்டி எடுத்ததோடு போயிற்றாம். பாப்பா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்க நானும் பாப்பாவும் போனோம். மழை வெறித்திருந்தது. ஜன்னலோரக் கட்டில். போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது, இன்னொரு பக்கம் பாதியிலேயே தட்டையாகிவிட்டது. அண்ணி டீ வாங்க ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள்.

"வாங்க டெய்லரம்மா. இனிமே எனக்கு பேண்ட்டு தைக்கறப்ப பாதிக் கூலிதான்" என்றார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவரும் ரொம்ப நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"பாப்பா, கால என்ன பண்ணினாங்கன்னு கேட்டேன். எரிச்சுட்டாங்களாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கடைசியா ஒரு தரம் பாத்திருப்பேன்." அவள் கையிலிருந்த போனைப் பார்த்துக் கேட்டார். "உன் போன்ல இருக்குமே?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் போனை எடுத்து, படத்தைத் திறந்து, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். முதலில் போய் நின்றது அந்தக் காய்ப்பில்தான். கட்டை விரலால் அதைத் தடவிக் கொடுத்தார். தடவியதில் படம் நகர்ந்துவிட்டது. விரல் இடுக்கு வந்தது. கோடு வந்தது. அங்கேயே வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இதுதானா?"

"ஆமாப்பா."

"இது எப்ப எடுத்தது?" படத்துக்கு அடியில் தேதி போட்டிருந்தது. அவரே படித்தார். "அன்னிக்கு நீ ஓடியாந்து காட்டினியே, டக்குனு திறக்குதுன்னு. அன்னிக்கா?"

"ஆமாப்பா."

"அதுல இது இல்லையே. நான் கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன்."

"அது நான் சுருக்கின படம்பா. இது அசல். சுருக்கினதுல இது போயிடுச்சு. டாக்டருக்கும் அதுதான் போச்சு. தினமும் அதுதான் போச்சு." அவள் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான்தாம்பா பண்ணினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். போன் திரை தானாக மங்கப் பார்த்தது. தொட்டு மறுபடி வெளிச்சமாக்கினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பாப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடி விழப் போகிற பிள்ளை மாதிரி நின்றாள். அடித்துவிட்டால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

வராந்தாவில் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அண்ணி ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, அப்பனும் பொண்ணும் அழுதுட்டு இருக்கீங்க? போன்ல என்ன?"

"என் கால பாத்துட்டு இருக்கோம்."

"எனக்குக் காட்டுங்க."

அவர் அவசரப்படவில்லை. விரலால் படத்தை மெல்ல நகர்த்தினார். இடுக்கு போயிற்று, கோடு போயிற்று, காய்ப்பு வந்தது. அதை இன்னும் பெரிதாக்கி, திரை முழுக்க அது ஒன்று மட்டுமே இருக்கும்படி செய்து, அப்புறம்தான் போனை அண்ணி பக்கம் திருப்பினார்.

"இதோ, என் முத்திரை. எப்படித் தெரியுது பாரு, உன் பொண்ணு பண்ணினது."

அண்ணி கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் போனை வாங்கிக்கொண்டாள். கண்ணீர் சொட்டச் சொட்டத் திரையைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அது மூடிக்கொள்ளவே இல்லை.